பதினோராவது தட்டில் ஓர் இழைப்புளி

தம்பி,

நீ அனுப்பிய கட்டைவிரல் வந்து சேர்ந்தது. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது என்று வாட்ஸாப்பில் எழுதினேன், ஒரு கட்டைவிரல் வந்தது. மண்டபத்தில் கரண்டு போனால் ஜெனரேட்டர் உண்டாம் என்று எழுதினேன், இன்னொரு கட்டைவிரல். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று எழுதினேன், அதற்கும் கட்டைவிரல். “எனக்குச் சக்கரை ஏறுனதுல அவனுக்கு அவ்ளோ சந்தோஷமா?” என்று உன் அப்பா கேட்கிறார். அதனால்தான் இந்தத் தடவை பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். தபாலில் வருகிற கடிதத்துக்கு நீ கட்டைவிரலைக் காட்டினாலும் அது கோயம்புத்தூரிலேயே நின்றுவிடும், எனக்கு வந்து சேராது. உறையை ஒட்டுவதற்கு முன்னால் உன் அப்பா இதை ஒரு தடவை படிப்பார். பிறகு உன் பெரியம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டுவார். அவளிடம் சொன்னால் பெரம்பலூர் முழுக்கத் தண்டோரா போட்ட மாதிரி. ஆகவே ஊருக்கே எழுதிய கடிதம் என்று நினைத்துக்கொண்டே படி.

விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயதார்த்தம் முடிந்து தா.பழூரிலிருந்து வேனில் திரும்பியபோது வழி நெடுக நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பையோடு இறங்கினவன், சுற்றிக்கொண்டு என் ஜன்னல் பக்கம் வந்து சொன்னாய்: “அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி வூட்டுல இருக்குற அந்தப் பழைய இரும்பெல்லாம் போயிடணும். ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.” வேனில் இருந்த அத்தனை சொந்தக்காரர்களும் கேட்டார்கள். டிரைவர் பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். உனக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே. உன் அம்மா கையால் எழுதி எத்தனையோ வருஷமாகிறது, விரல் மூட்டு வலிக்கிறது, அந்த வலிக்காகவாவது வரிசையாகப் படி.

அந்தப் பழைய இரும்புப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன். முப்பத்தோரு வருஷம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் ஸ்டோர் ரூமில், கம்பி ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். பையன்கள் டோக்கனை நீட்டுவார்கள், ரம்பத்தை எடுத்துக் கொடுப்பேன். சாயங்காலம் ரம்பம் திரும்பி வரும், டோக்கனைக் கொடுப்பேன். எந்த உளி எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அதில் ஒன்றை வைத்தும் ஒரு விறகுக் குச்சியைக்கூட நான் வெட்டினதில்லை. எடுத்துக் கொடுப்பதும் திருப்பி வாங்கி வைப்பதும்தான் என் வேலை. ஊர்ப் பந்திக்கெல்லாம் பரிமாறிவிட்டுத் தான் சாப்பிடாமல் வீடு திரும்பினவள் மாதிரி ரிட்டயர் ஆனேன். அந்தப் பசிதான் அப்புறம் வேலையைக் காட்டியது.

ரிட்டயரான மறு மாசம் சின்ன வெங்காயம் வாங்கப் போன இடத்தில், பழைய இரும்புக் கடை வாசலில் கையால் சுற்றுகிற ஒரு டிரில்லைப் பார்த்தேன். பல்சக்கரம் முழுக்கத் துரு. கைப்பிடியில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. பேரம் பேசி வாங்கிவிட்டேன், பிறகுதான் நினைவு வந்தது அன்றைக்குச் சனிக்கிழமை என்று. சனிக்கிழமை இரும்பு வாங்கினால் சனீஸ்வரனும் கூடவே பஸ் ஏறி வந்துவிடுவார் என்பது உன் அப்பாவின் கட்சி. முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டினவர். சனிக்கிழமைதோறும் அத்தனை டன் இரும்பைப் பெரம்பலூர் முழுக்க ஓட்டிக்கொண்டு திரிந்தீர்களே என்று கேட்டால், “அது கவர்மெண்ட் இரும்பு” என்பார். அவருக்குப் பயந்து டிரில்லைப் பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டுக்குள் ஒளித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுக்கப் போனால் கோழி அதன் மேல் அடைகாத்துக்கொண்டிருக்கிறது. என்னை ஒரு கொத்து கொத்தியது பார், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அதற்கப்புறம் நின்றேனா? அரியலூர், ஜெயங்கொண்டம் என்று எந்த ஊருக்குத் துக்கம் கேட்கப் போனாலும் வரும்போது பையில் ஒரு சுத்தியலோ ஸ்பேனரோ இருக்கும். துரு எடுக்க நான் கண்டுபிடித்த வழி புளித்தண்ணீர். கெட்டியாகக் கரைத்து இரண்டு நாள் ஊறப் போட்டால் உளி பளிச்சென்று வந்துவிடும். இங்கே உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது நான் கோயிலுக்குப் போயிருந்தேன், உன் அப்பா சமையல் செய்தார் இல்லையா? அடுப்படியில் ஒரு சட்டியில் புளி கரைத்துத் தயாராக இருக்கிறதே என்று, உளியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அந்தத் தண்ணீரிலேயே ரசம் வைத்திருக்கிறார். நான் வந்து பார்க்கும்போது நீ மூன்றாவது கை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாய். “அப்பா, அம்மா ரசத்த வுட இது சூப்பர்ப்பா” என்றாய். அதைக் கேட்டதும் வந்த கோபத்தில் உண்மையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டு நாள் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. உடம்புக்கு இரும்புச் சத்து நல்லதுதானே? ஆனாலும் மன்னித்துக்கொள்.

கல்யாணத்துக்குப் பிறகு உனக்கும் இப்படி ஏதாவது நடக்கும். கயல்விழி வைத்த ரசத்தை என் ரசத்தோடு ஒப்பிடாதே. என் ரசத்தையும் அவள் ரசத்தோடு ஒப்பிடாதே. ரசத்தைக் குடி, பேசாமல் இரு. உன் அப்பாவுக்கு இதைப் புரிய வைக்க எனக்குப் பத்தொன்பது வருஷமாயிற்று. கூடத்துச் சுவரில் எங்கள் கல்யாணப் போட்டோவை எடுத்துவிட்டு இழைப்புளிகளை வரிசையாக மாட்டினேனே, அப்போதுகூட அவர் கோபிக்கவில்லை. மரத்தை வழவழவென்று சீவுகிற அந்தக் கட்டைகள் பதினாறு சேர்ந்துவிட்டன, வேறு எங்கே மாட்டுவது? “நம்ம போட்டோவுல நானும் இதே மாதிரி கட்டையாத்தான நின்னேன், மாட்டிக்கோ” என்றார். இந்த மாதிரி ஒரு மனுஷனைக் கட்டிக்கொண்டால் எதையும் சேர்க்கலாம்.

இனி நிச்சயதார்த்தம். கிளம்புவதற்கு முந்தின நாள் நீ என்னிடம் என்ன சத்தியம் வாங்கினாய்? “அம்மா, அங்க வந்து டூல்ஸ் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது.” நான் சரி என்றேன். பேசக் கூடாது என்றுதான் சொன்னாய். கொண்டுவரக் கூடாது என்று சொல்லவில்லை. கயலின் அப்பா தச்சு வேலைக்காரர். அந்த வட்டாரத்தில் பாதி வீட்டுக்கு நிலையும் கதவும் அவர் கை. அப்படிப்பட்டவர் சம்பந்தியாக வரும்போது வெறும் ஆப்பிளையும் சாத்துக்குடியையும் எப்படி நீட்டுவது? என்னிடம் இருப்பதிலேயே நல்ல இழைப்புளி ஒன்றை எடுத்தேன். கரிக்கட்டையாகக் கிடந்ததைப் பத்து நாள் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் கொடுத்து வைத்திருந்தேன். அதன் பிளேடில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்த பிறகு, தனியாகக் கூப்பிட்டு, சத்தமில்லாமல் கொடுப்பதாகத்தான் திட்டம். உன் அப்பா தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், அதுதான் திட்டம்.

திட்டத்தைக் கெடுத்தவர் அந்தத் தலைக்குச் சொந்தக்காரர்தான். சீர்த்தட்டு பதினொன்று வைத்திருந்தோம். தா.பழூரில் வேனை விட்டு இறங்கித் தட்டுகளை எண்ணினால் பத்து. ஜாங்கிரித் தட்டைக் காணோம். உன் அப்பா பின்சீட்டில் இருந்து எழுந்தார், தட்டு கிடைத்தது. ஜெயங்கொண்டத்திலிருந்து அதன் மேல்தான் உட்கார்ந்து வந்திருக்கிறார். “சீட்டு மெத்துன்னு இருந்துச்சு, வேன்காரன் நல்லா வச்சிருக்கான்னு நெனச்சேன்” என்றார். பட்டு வேட்டியின் பின்பக்கம் பூராவும் ஜீரா. இரட்டைப்படையில் தட்டு வைக்கக் கூடாது. பத்தை ஒன்பதாக்கினால் “பதினொண்ணுன்னு சொன்னாங்களே” என்று பெண் வீட்டில் பேச்சு வரும். அவர்கள் வாசலில் பன்னீர்ச் செம்போடு காத்துக்கொண்டு நிற்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், இப்போது பதினொன்று. என் மூளை வேலை செய்யவில்லை, கை வேலை செய்தது. தட்டைத் துடைத்தேன், இழைப்புளியை வைத்தேன், சந்தனம் குங்குமம் இட்டு, இரண்டு பக்கமும் வெற்றிலை செருகி, மேலே ஒரு முழம் பூவைப் போட்டேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

கூடத்தில் தட்டுகளைப் பரப்பினதும் கயலின் அத்தை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கங்கைகொண்ட சோழபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர், அந்தக் குடும்பத்தில் அவர் சொல்தான் சொல். பதினோராவது தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பூவை விலக்கிப் பார்த்தார். “என்னங்க இது, சீர்த்தட்டுல இரும்ப வச்சிருக்கீங்க? அதுவும் வெட்டுற இரும்பு! ஒறவு சேக்க வந்தீங்களா, வெட்டிவுட வந்தீங்களா?” கூரான இரும்பை ஒருத்தர் கையில் கொடுத்தாலே பகை என்று தரையில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்கிற ஊரில், நான் அதைப் பூ வைத்துக் கொண்டுபோயிருக்கிறேன். முப்பத்தோரு வருஷம் ஜன்னல் வழியாகக் கைக்குக் கை கொடுத்துப் பழகிப்போனவளுக்கு அது உறைக்கவே இல்லை. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த ஃபேன் அறுந்து என் தலையில் விழட்டும் என்று வேண்டிக்கொள்கிற முகம். “இந்தத் தட்டு வெளிய போவணும், இல்லன்னா இன்னிக்கு ஒண்ணும் வேணாம்” என்று அத்தை எழுந்துவிட்டார்.

அப்போதுதான் சம்பந்தி குனிந்து இழைப்புளியைக் கையில் எடுத்தார். அதுவரைக்கும் அவர் “வாங்க” என்றதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடிப்பக்கத்தை நீளவாக்கில் பார்த்தார். கட்டைவிரலால் பிளேடைத் தடவினார். முகர்ந்துகூடப் பார்த்தார். சபை மொத்தமும் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

“இத யாருங்க மாட்டுனது?”

“நான்தாங்க” என்றேன். அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமை, பொய் சொல்வானேன்.

“பிளேடு தலகீழா இருக்குங்க. தீட்டுன பக்கம் கீழ பாக்கணும். நீங்க மேல பாத்து மாட்டிருக்கீங்க. இப்படி மாட்டுனா மரத்தச் சீவாது, சொரண்டும்.”

“ஸ்டோர்ல இப்படித்தாங்க இருக்கும்” என்றேன்.

“ஸ்டோர்ல கை வெட்டிக்கக் கூடாதுன்னு திருப்பி வச்சிருப்பாங்க.” கொஞ்சம் யோசித்தார். “வூட்டுல எத்தன வச்சிருக்கீங்க?”

“பதினாறுங்க. இதோட சேத்து.”

“எல்லாமே இப்படித்தானா?”

“எல்லாமே இப்படித்தாங்க.”

அந்த மனிதர் சிரித்தார் பார். தோள் குலுங்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு மானம் கப்பலேறியது. ரிட்டயரான நாளிலிருந்து தேய்த்துத் தேய்த்து, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் இது இந்த மாதிரி அது அந்த மாதிரி என்று விளக்கம் சொன்னேனே, ஒன்றுகூட உருப்படியாக மாட்டப்படவில்லை. பார்த்த ஒருத்தருக்கும் அது தெரியவும் இல்லை. தப்பு தெரிந்த முதல் ஆள் சம்பந்தி, அது தெரிந்த இடம் உன் நிச்சயதார்த்த சபை.

அடுத்து நடந்ததை நீ கூடத்தில் உட்கார்ந்தபடி பாதிதான் பார்த்தாய், நான் முழுக்கப் பார்த்தேன். அத்தையைச் சமாதானப்படுத்துகிற சாக்கில் பெரியவர்கள் முதலில் நிச்சயப் புடவைத் தட்டைக் கயல் கையில் கொடுத்து, மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். அவள் அறைக்குள் போனாள், கதவைச் சாத்தினாள், அது சாத்திக்கொள்ளவில்லை. ஐப்பசி மழையில் ஊறி உப்பிப்போன கதவு, நிலையில் இடித்துக்கொண்டு ஒரு சாண் இடைவெளியில் நிற்கிறது. நான்கு பெண்கள் சேர்ந்து தள்ளினோம், அசையவில்லை. இன்னொரு அறை முழுக்கச் சாப்பாட்டு அண்டா. கயலின் அம்மா அத்தனை பேர் முன்னாலும் வெடித்துவிட்டார். “ஊருக்கெல்லாம் கதவு போட்டுக் குடுக்குறீங்க, நம்ம வூட்டுக் கதவ ஒரு சீவு சீவுங்கன்னு எத்தன மழைக்குச் சொல்றேன்! பொண்ணு புடவ மாத்த முடியாம நிக்கிது!” மணி பதினொன்றரை.

சம்பந்தி தான் உட்கார்ந்திருந்த மணைப்பலகையைத் தூக்கி அதன் விளிம்பில் இழைப்புளியைத் தட்டினார், ஆப்பு கழன்றது. பிளேடைத் திருப்பிப் போட்டார், ஆப்பைச் செருகினார், இரண்டு தட்டு. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவோரத்தில் நின்று ஓர் இழு இழுத்தார். சர்ர்ரென்று ஒரு சத்தம். முழ நீளத்துக்கு மரச்சுருள் வந்து ஆப்பிள் தட்டில் விழுந்தது. நான் சேர்த்த இரும்பு ஒன்று மரத்தைத் தொட்ட சத்தத்தை என் வாழ்நாளில் முதல் தடவை கேட்கிறேன். அழுதுவிட்டேன். என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, கல்யாணம் நின்றுவிடும் என்று அழுகிறேன் என்று நினைத்து அவளும் சேர்ந்து அழுதாள். ஏழெட்டு இழுப்பு. கதவு டப்பென்று சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து கயல் கத்தினாள்: “யப்பா, சாத்திக்கிச்சுப்பா!” கூடம் முழுக்கச் சிரிப்பு. அத்தை மரச்சுருளைப் புடவையிலிருந்து தட்டிக்கொண்டே உட்கார்ந்தார். “சரி சரி, வேலைக்கு ஆவுற இரும்புதான். தட்ட மாத்துங்க, நேரம் போவுது” என்றார். எமகண்டத்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது தட்டு மாற்றினோம்.

எல்லோரும் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை. ஆப்பிள் மேல் மரத்தூளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கோபம் நியாயம்தான் தம்பி. உனக்குக் கொடுத்த வார்த்தையை ஒரு ஓட்டை கண்டுபிடித்து மீறினேன். பத்து பேர் முன்னால் உன்னைத் தலைகுனிய வைத்தேன். அது தப்பு. தப்புதான். நீ எனக்குப் பிள்ளையாகப் பிறந்தாய் என்பதற்காக என் பைத்தியத்துக்கும் நீ பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

ஆகவே பதில் இதுதான். நீயா இரும்பா என்றால் அதில் யோசிக்க என்னடா இருக்கிறது? நிச்சயம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமையே பழைய இரும்புக் கடைக்காரரை வரச் சொல்லிவிட்டேன். உன் அப்பாதான் “கொஞ்சம் பொறு, பய ரெண்டு நாள்ல எறங்கி வருவான்” என்றார். நான் கேட்கவில்லை. புதன்கிழமை காலையில் வாசலில் தராசைத் தொங்கவிட்டாயிற்று. டிரில், ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் ஒரு சாக்கு. ரம்பங்கள் ஒரு கட்டு. இழைப்புளிகளை நானே ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து இறக்கினேன். கடைக்காரர் மரக்கட்டை எடைக்கு ஆகாது, பிளேடை மட்டும் கழற்றிக் கொடுங்கள் என்றார். முதல் இழைப்புளியை எடுத்து ஆப்பைத் தட்டப் போனேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. சம்பந்தி இறங்கினார். “மத்த பதினஞ்சு பிளேடையும் திருப்பிப் போட்டுக் குடுத்துட்டுப் போவலாம்னு வந்தேங்க. தலகீழா இருக்குதுன்னு தெரிஞ்சப்புறம் எனக்குத் தூக்கம் வரல” என்றார். பிறகு தராசைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உன் அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அவருக்கு வாயில் பிரேக் கிடையாது. சம்பந்தி தராசுக்காரரிடம், “அண்ணே, நீங்க போயிட்டு வாங்க” என்றார். பிறகு அத்தனையையும் தன் ஆட்டோவில் ஏற்றினார். “தம்பி வூட்ட வுட்டுத்தான போவணும்னு சொன்னாரு? போயிடும்ங்க” என்றார்.

இப்போது அவை எல்லாம் தா.பழூரில் இருக்கின்றன, வேலை செய்கின்றன. சம்பந்தியின் பட்டறையில் எல்லாம் மெஷின். அறுக்க ஒன்று, சீவ ஒன்று. ஆனால் கயலுக்கு அவர் செய்கிற கட்டிலை மட்டும் அந்த மெஷின்களில் செய்யாமல், என் ரம்பத்திலும் இழைப்புளியிலும் செய்கிறார். பட்டறைக்குப் போயிருந்தபோது, மெஷினை வைத்துக்கொண்டு ஏன் இந்தச் சிரமம் என்று கேட்டேன். ஒரு உளியைத் தீட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “மெஷின்ல பண்ணா ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்ங்க. இதுல பண்ணா கல்யாணம் வரைக்கும் ஓடும். கட்டில் முடியாத வரைக்கும் பொண்ணு இங்கதான இருக்கும்.” சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

தம்பி, அந்த மனிதர் தன் பிள்ளையை இன்னும் பத்து நாள் பக்கத்தில் வைத்துக்கொள்ள என்ன பாடுபடுகிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்கூல் விட்டு வரும் வழியில் நீ என் ஸ்டோர் ஜன்னலில் முகத்தைப் பதித்துக்கொண்டு நிற்பாய். “ம்மா, அது என்ன? ம்மா, அத ஒரு தடவ குடேன்” என்பாய். “தொடாத, கை வெட்டிக்கும், போய்ப் படி” என்பேன். பத்தாவது முடித்ததும் தச்சுப் பிரிவில் சேர்கிறேன் என்று விண்ணப்பத்தை நீயே எழுதி என் கையில் கொடுத்தாய். இரண்டு நாள் கழித்து, இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்று வந்து சொன்னேன். அது பொய். உன் விண்ணப்பத்தை நான் கொடுக்கவே இல்லை. இடம் காலியாகத்தான் கிடந்தது. என் பிள்ளை டோக்கனோடு அந்த ஜன்னலுக்கு வெளியே நிற்கக் கூடாது, இன்ஜினியர் ஆக வேண்டும் என்று நினைத்தேன். நீ அழவில்லை, சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். இப்போது கம்ப்யூட்டரில் மோட்டார் படம் வரைகிறாய், நல்ல சம்பளம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உன்னைத் தொட விடாததை எல்லாம் ரிட்டயரான பிறகு நான் மட்டும் வீடு நிறையச் சேர்த்து வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். உனக்கு எப்படி இருந்திருக்கும்? ‘அந்தப் பழைய இரும்பு’ என்று நீ சொன்னபோது உன் குரல் ஏன் அப்படி நடுங்கியது என்று, அந்த பஸ்ஸில் வரும்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊரார் பிள்ளைக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவள் உனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நீ என்ன திட்டினாலும் தகும்.

இதுவரைக்கும் எழுதினதை உன் அப்பா இப்போதே வாங்கிப் படித்துவிட்டார். அவருக்கும் இது இன்றைக்குத்தான் தெரியும். பெரியம்மாவுக்கு இதை வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கட்டிலில் சட்டம் நான்கும் ஆகிவிட்டது. கால் நான்கும் பாக்கி. பூவரசு மரம், நல்ல கனம், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுக்கிற பெரிய ரம்பத்தில்தான் அறுக்க வேண்டும். இதுவரைக்கும் ஒரு பக்கம் சம்பந்தி, மறுபக்கம் நான். எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. நான் இழுக்கிற லட்சணத்தில் ஒரு சட்டம் கோணலாகிப் போனது, கயல்தான் பார்த்துவிட்டுச் சொன்னாள், “அத்த, அந்தப் பக்கம் அவரு படுத்துக்கட்டும்” என்று. கூட இழுக்க ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று சம்பந்தியிடம் கேட்டேன். “தம்பி வருவாரு, அதுவரைக்கும் காலுக்குப் போவ வேணாம்” என்று மரத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டார். உன்னை யார் கேட்டது, நீ எப்போது ஒத்துக்கொண்டாய் என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. கோபம் ஆறியிருக்க வேண்டும் என்று இல்லை, கோபத்தோடேயே வா. ரம்பத்தை எடுத்து உன் கையில் நானே கொடுக்கிறேன். பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வா.

அம்மா